குழாய் இணைப்புகளுக்கு ஏற்ற கேஸ்கட்டைத் தெரிந்தெடுத்தல்

நீராவிக் குழாயிலோ அமிலக் குழாயிலோ ஓர் இணைப்புக் கசியத் தொடங்கினால், போல்ட்டுகளைக் கழற்றி, நைந்துபோன பழைய கேஸ்கட்டை எடுத்து, அதனையே அச்சாக வைத்துப் புதியதொன்றை வெட்டிப் பொருத்துவது நமது தொழிற்கூடங்களில் நெடுநாளைய வழக்கம். பழையது எப்பொருளால் ஆனதோ அப்பொருள், அல்லது பண்டசாலையில் அப்போது கையிருப்பில் உள்ள பொருள் உபயோகிக்கப்படுகிறது. கசிந்த கேஸ்கட்டு ஏன் கசிந்தது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பி விடை காணும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். களப்பணியாளர் நேரே கையாளத் தக்கவையும், ஆசிரியர் வகுப்பில் காட்டத் தக்கவையும் இதில் கலந்தே வருகின்றன.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தொழிலாளர் பலர் இப்பொருளைப் 'பாக்கிங்' என்பர். ஆயின் வால்வுத் தண்டைச் சுற்றி அடைக்கப்படும் கயிற்றுக்கும் அதே பெயர் வழங்குகிறது. அது அசையும் பாகத்தின் அடைப்பு. நாம் இங்கு நோக்குவதோ அசையாத இரு ஃபிளாஞ்சுகளின் இடையே வைக்கப்படும் அடைப்பு. மயக்கம் நேராதிருக்கக் கேஸ்கட்டு என்றே எழுதுகிறோம்.

கசிவைத் தடுப்பது எது?

கடைசலில் சீர்செய்யப்பட்ட ஃபிளாஞ்சின் முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், உருப்பெருக்கியால் நோக்கினால் அதில் மேடும் பள்ளமுமான வரிகள் உள. பொதுவாக உபயோகத்திலுள்ள குழாய் ஃபிளாஞ்சுகளில் இம்மேடுபள்ளத்தின் சராசரி அளவு 3.2 முதல் 6.3 மைக்ரான் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி 16.5 என்ற தரவிதி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரும்பு முகங்கள் இரண்டை நேருக்கு நேர் வைத்து எவ்வளவு முடுக்கினும், இவ்வரிகளின் வழியே நீராவி வெளிப்பட்டே தீரும். இடையே வைக்கப்படும் மிருதுவான பொருள் அமுக்கப்படும்போது அப்பள்ளங்களுள் புகுந்து வழியை அடைக்கிறது.

ஆகவே கேஸ்கட்டு தாழ்வான பள்ளத்திலும் புகுமளவு மிருதுவாக இருத்தல் வேண்டும். அதே சமயம், குழாய் சூடேறி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் ஃபிளாஞ்சுகள் சற்றே விலகும்போது, தானும் பின்தொடர்ந்து எழும் மீட்சியும் வேண்டும். மிருதுத் தன்மையும் மீட்சியும் நெடுநாள் ஒருங்கே நிலைக்கும் பொருள் அரிது. ஈயம் நன்றாகப் புகும், ஆனால் மீளாது. எஃகு மீளும், எளிதில் புகாது. கேஸ்கட்டு வகைகள் இத்தனை உண்டானமைக்குக் காரணம் இம்முரண்பாடேயாகும்.

வகுப்பில் இதனை விளக்க நமது சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரே போதும். மூடியை உள்ளிருந்து பொருத்தும் வகையில், உள்ளே எழும் நீராவி மூடியை ரப்பர் வளையத்தின் மீது தானே அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற அடைப்பு இறுகுகிறது. குழாய் ஃபிளாஞ்சின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு உள்ளிருக்கும் அழுத்தம் ஃபிளாஞ்சுகளைப் பிரிக்கவும், கேஸ்கட்டைப் பக்கவாட்டில் வெளியே தள்ளவும் முயல்கிறது. அதனை எதிர்த்து நிற்பவை போல்ட்டுகள் மட்டுமே. கேஸ்கட்டின் மேல் எஞ்சி நிற்கும் அமுக்கமே அடைப்பு. அமுக்கம் போனால் எத்துணை விலையுயர்ந்த பொருளும் பயனற்றது.

ஒரு தோராயக் கணக்கு

இதனை எண்களால் நோக்குவோம். 4 அங்குலக் குழாய்க்குரிய 150 வகுப்பு ஃபிளாஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 5/8 அங்குலப் போல்ட்டுகள் 8 உள. கேஸ்கட்டின் உள்விட்டம் ஏறத்தாழ 114 மில்லிமீட்டர். ஃபிளாஞ்சின் உயர்முக விட்டம் ஏறத்தாழ 157 மில்லிமீட்டர். இவ்விரு வட்டங்களுக்கும் இடைப்பட்ட வளையத்தின் பரப்பு 91.5 சதுர சென்டிமீட்டர். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் உள்ளதெனக் கொள்வோம். 114 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 102 சதுர சென்டிமீட்டர் ஆதலால், ஃபிளாஞ்சுகளைப் பிரிக்கும் விசை ஏறத்தாழ 1,020 கிலோ. ஒரு போல்ட்டுக்கு 128 கிலோ. இது அற்பம்.

ஆனால் கேஸ்கட்டை அதன் இருக்கையில் அமர்த்த வேண்டிய விசை வேறு. பழைய அஸ்பெஸ்டாஸ் அமுக்குத் தகட்டிற்கு, அதன் தடிப்பு 3.2 மில்லிமீட்டராயின், சதுர அங்குலத்திற்கு 1,600 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 112 கிலோ அமுக்கம் தேவை என்று மேற்கூறிய சங்கத்தின் அழுத்தக் கலன் விதிநூல் கொண்டது. வளையத்தின் முழுப்பரப்புக்கும் இதனைக் கணக்கிட்டால் 10,250 கிலோ வருகிறது. ஒரு போல்ட்டுக்கு 1,280 கிலோ. விதிநூல் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளாமல் பயன்படும் அகலம் என்று ஒரு குறைந்த அளவையே கொள்ளும். பாடத்தின் எளிமை கருதி அதனை இங்கு விட்டுவிட்டோம். எவ்வாறாயினும், தாழ்ந்த அழுத்தக் குழாயில் போல்ட்டுகளின் உழைப்பு நீரைத் தடுப்பதில் செலவாவதைவிடக் கேஸ்கட்டை அமர்த்துவதிலேயே மிகுதியாகச் செலவாகிறது என்பது தெளிவு. "அழுத்தம் குறைவுதானே, கையால் முடுக்கினால் போதும்" என்ற பேச்சு பிழைபடுவது இவ்விடத்தில்தான்.

இன்னும் ஒரு படி செல்வோம். 5/8 அங்குலப் போல்ட்டின் புரியடிப் பரப்பு 1.3 சதுர சென்டிமீட்டர். 1,280 கிலோ சுமையில் அதன் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 985 கிலோ. எஃகின் மீட்சிக் குணகத்தைக் கொண்டு கணக்கிட்டால், இரு ஃபிளாஞ்சுகளின் தடிப்பும் சேர்ந்த 51 மில்லிமீட்டர் நீளத்தில் போல்ட்டு நீளும் அளவு 0.024 மில்லிமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பாதியும் இராத இந்நீட்சியே வில்லைப்போல் இணைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 3.2 மில்லிமீட்டர்த் தகடு நாளடைவில் தளர்ந்து நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.032 மில்லிமீட்டர் தாழுமாயின் அவ்வில் முழுவதும் தளர்ந்துவிடும். ஃபிளாஞ்சின் சிறு வளைவும் கேஸ்கட்டின் மீட்சியும் ஓரளவு கைகொடுக்குமேயன்றி முழுதும் ஈடுசெய்யா.

தடித்த கேஸ்கட்டு நன்றாக அடைக்கும் என்ற பொது நம்பிக்கை தவறென்பது இதனால் புலனாகும். பாதித் தடிப்புடைய தகடு பாதியளவே தாழும். அழுத்தத்திற்கு அது காட்டும் விளிம்பும் பாதியே ஆதலால் வெளியே பிதுங்கித் தெறிக்கும் அபாயமும் குறையும். முகங்கள் செம்மையாக இருப்பின் இயன்ற அளவு மெல்லியதையே தெரிந்தெடுக்க வேண்டும். ஆனால் மெல்லியதை அமர்த்தக் கூடுதல் விசை தேவை. அதே அஸ்பெஸ்டாஸ் தகடு 1.6 மில்லிமீட்டராயின் சதுர அங்குலத்திற்கு 3,700 பவுண்டு வேண்டும் என்கிறது விதிநூல். நமது கணக்கில் போல்ட்டின் தகைவு அப்போது சதுர சென்டிமீட்டருக்கு 2,290 கிலோவை எட்டும். சாதாரண மென்னெஃகுப் போல்ட்டு ஏறத்தாழ 2,500 கிலோவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். ஆகவே மெல்லிய தகட்டைக் கேட்பவர் நல்ல போல்ட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

திரவமும் உஷ்ணமும்

அமுக்கத்தை நெடுநாள் காக்குமா என்ற அளவுகோலைக் கையில் கொண்டே பொருள்களை ஆராய வேண்டும். ரப்பர் வகைகளை முதலில் கூறலாம். இயற்கை ரப்பர் குளிர்ந்த நீருக்கு நன்று. எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். நைட்ரைல் ரப்பர் கனிம எண்ணெய்களைத் தாங்கும். வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். இ.பி.டி.எம். என வழங்கும் ரப்பரின் குணம் இதற்கு மாறு: வெந்நீரையும் வெயிலையும் நன்கு தாங்கும், எண்ணெயில் ஊதிப் பெருகும். இவ்விரண்டும் கருநிறமே ஆதலால் பண்டசாலையில் ஒன்றுக்கு ஒன்று மாறிவிடுகிறது. கண்ணால் வேறுபடுத்த இயலாத பொருளை அடையாளமின்றி அடுக்கி வைப்பதைப்போல் கேடு விளைவிப்பது பிறிதில்லை. வைட்டான் முதலிய ஃபுளோரோ ரப்பர்கள் ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேட் வரை எண்ணெய்களைத் தாங்குவன. ஆயின் கீட்டோன்களுக்கும் அமீன்களுக்கும் ஆகா.

1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான், ஏறக்குறைய எல்லா இரசாயனங்களையும் தாங்கும். 260 டிகிரி வரை உபயோகிக்கலாம். இதனைக் கேட்டதும் "எல்லாவற்றிற்கும் டெஃப்லானே போடலாமே" எனத் தோன்றும். அதன் குறை வேறிடத்தில் உள்ளது. சுமையின் கீழ் அது மெல்ல மெல்ல வழிந்து தளரும் இயல்புடையது. மேலே கண்ட 0.024 மில்லிமீட்டரை நினைவு கூர்ந்தால், கலப்பற்ற டெஃப்லான் தகடு இட்ட இணைப்பு அமிலத்தால் சிறிதும் அரிக்கப்படாமலேயே சில வாரங்களில் சொட்டத் தொடங்குவதன் காரணம் விளங்கும். சிலிக்கா முதலியன கலந்து வலுவூட்டிய வகைகள் இவ்வழிவைக் குறைப்பதற்கென்றே செய்யப்படுகின்றன.

நெகிழ் கிராஃபைட் உஷ்ணத்திற்குச் சிறந்தது. காற்றுப் படும் இடத்தில் ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் அது மெல்ல எரிந்து போகும். நீராவியில் அதனினும் உயர்ந்த உஷ்ணத்தைத் தாங்கும். அடர் நைட்ரிக அமிலம் போன்ற வலிய ஆக்சிஜனேற்றப் பொருள்களுக்கு இது ஏற்றதன்று. அம்மோனியாக் குழாயில் தாமிரமும் பித்தளையும் கூடா. ஆக்சிஜன் குழாயில் எந்தக் கேஸ்கட்டானாலும் எண்ணெய்ப் பசை அறவே இருத்தலாகாது, தீப்பற்றும்.

விற்பனைப் பட்டியலைப் படிக்கும் முறை ஒன்றையும் இங்கு வற்புறுத்த வேண்டும். ஒரு தகட்டிற்கு உச்ச உஷ்ணம் இவ்வளவு, உச்ச அழுத்தம் இவ்வளவு என அச்சிட்டிருக்கும். இவ்விரண்டையும் அத்தகடு ஒருங்கே தாங்கும் என்பது பொருளன்று. அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் பெருக்கி வரும் தொகைக்குத் தனியே ஒரு வரம்பைப் பட்டியலின் வேறொரு மூலையில் கொடுத்திருப்பர். அதனைத் தேடிப் பார்க்க வேண்டும். நீராவியில் இவ்விரண்டும் சேர்ந்தே உயருமாதலால் கவனம் மிகுதியாகத் தேவை. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தமுள்ள நிறைவுற்ற நீராவியின் உஷ்ணம் ஏறத்தாழ 183 டிகிரி ஆகும். சாதாரண ரப்பர்த் தகடு இங்கு நில்லாது.

குளிரின் தீங்கு அதிகம் பேசப்படுவதில்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதைந்து 7 பேர் மாண்டனர். உந்துகலத்தின் இணைப்பிலிருந்த ஃபுளோரோ ரப்பர் வளையங்கள் அன்றைய கடுங்குளிரில் மீட்சியை இழந்திருந்தன. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், அவ்வளையத்தின் துண்டொன்றைச் சிறு இடுக்கியால் அமுக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு, எடுத்துத் தளர்த்தியபோது அது உடனே எழும்பவில்லை என்பதை எல்லாரும் காணச் செய்தார். அது குழாய் இணைப்பன்று. ஆயினும் ரப்பரின் குணம் எங்கும் ஒன்றே. திரவ அம்மோனியா காற்றழுத்தத்தில் கழித்தல் 33 டிகிரியில் சேமிக்கப்படுகிறது. திரவ இயற்கை வாயு கழித்தல் 162 டிகிரியில். இச்சோதனையைப் பள்ளியில் செய்வது எளிது. பல்வேறு ரப்பர்த் துண்டுகளை ஒரே அளவில் வெட்டி, அமுக்கி, பனிக்கட்டியும் உப்பும் கலந்த நீரில் அரைமணி வைத்து, விடுவித்தபின் ஒவ்வொன்றும் பழைய தடிப்பை எய்த எடுக்கும் நேரத்தை மாணவர் குறித்துக் கொள்ளலாம்.

அஸ்பெஸ்டாஸ் விட்டுச் சென்றவை

அஸ்பெஸ்டாஸ் இழையை ரப்பருடன் சேர்த்து அமுக்கிச் செய்த தகடு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எங்கும் பரவியிருந்தது. உஷ்ணத்தைத் தாங்கும்; மலிவானது; தவறாகப் பொருத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆயின் அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கிறது; நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பிரிட்டன் 1999-இல் இதனைத் தடை செய்தது. நம் நாட்டில் 1995-இல் உச்ச நீதிமன்றம், அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நிலைக் குறிப்பையும் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள், அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

களப்பணியாளர்க்கு இதில் இரு செய்திகள் உண்டு. பழைய ஆலைகளின் இணைப்புகளில் இத்தகடு இன்றும் இருக்கக்கூடும். சுரண்டி எடுப்பவரே முதலில் தூசியைச் சுவாசிப்பவர். எது என்று தெரியாத பழைய தகட்டை அஸ்பெஸ்டாஸ் எனவே கொண்டு, நீரால் நன்கு நனைத்து, கைச்சுரண்டியால் எடுத்து, ஈரத்தோடு பையிலிட்டு முடிச்சிட வேண்டும். தகுந்த முகமூடி அணிய வேண்டும். மின்சாரக் கம்பித்தூரிகையையும் காற்று ஊதியையும் தொடவே கூடாது.

மற்றொன்று பழக்கத்தைப் பற்றியது. இப்போது வழங்கும் தகடுகளில் அராமிட் இழையோ கண்ணாடி இழையோ நைட்ரைல் ரப்பரால் பிணைக்கப்பட்டிருக்கும். அஸ்பெஸ்டாஸ் தகட்டின் காலத்தில், நீராவி வந்து சூடேறியபின் ஸ்பானரைக் கொண்டு இன்னொரு சுற்று முடுக்குவது கைவந்த பழக்கம். புதிய தகடு சூட்டில் கடினமாகிவிடும். அப்போது முடுக்கினால் வெடிக்கும். தொடக்கத்திலேயே சரியான அளவுக்கு முடுக்கி, தேவையாயின் சூடேறுமுன் குளிர்ந்த நிலையில் மறுபடி சரிபார்ப்பதே முறை. பொருள் மாறும்போது கைப்பழக்கமும் மாற வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால், நல்ல தகடுகள் பல 'மட்டமான சரக்கு' என்று பழி சுமந்திருக்கின்றன.

உலோகமும் சுருளும்

உயர்ந்த அழுத்தத்திற்கும் உஷ்ணத்திற்கும் சுருள் கேஸ்கட்டு ஏற்றது. 'வி' வடிவில் மடிந்த மெல்லிய துருவுறா எஃகுப் பட்டையும் கிராஃபைட் அல்லது டெஃப்லான் பட்டையும் மாறிமாறிச் சுற்றப்பட்டிருக்கும். எஃகு மீட்சியைத் தருகிறது. கிராஃபைட் பள்ளங்களில் புகுகிறது. முன்னர் கூறிய முரண்பாட்டிற்கு இஃது ஓர் அழகிய தீர்வு. ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர்த் தடிப்பு 3.3 மில்லிமீட்டராக அமுங்கும்போது அது சரியாக வேலை செய்கிறது. வெளிவளையம் நடுவில் நிறுத்துவதோடு அளவுக்கு மீறி நசுங்காமலும் காக்கிறது; உள்வளையம் சுருள் உட்புறமாகக் குலைந்து விழாமல் தாங்குகிறது. வெளிவளையத்தின் விளிம்பிலுள்ள நிறம் உலோகத்தைக் காட்டும்: 304 எஃகுக்கு மஞ்சள், 316 எல் எஃகுக்குப் பச்சை. இடையிட்ட கோடுகள் நிரப்புப் பொருளைக் காட்டும்: கிராஃபைட்டுக்குச் சாம்பல், டெஃப்லானுக்கு வெள்ளை. இதனைப் பண்டசாலைக் காவலர் அறிந்திருந்தால் பாதிப் பிழைகள் குறையும்.

இதனினும் உயர்ந்த அழுத்தங்களில் ஃபிளாஞ்சில் வெட்டிய பள்ளத்தில் அமரும் உலோக வளையங்கள் உள. வளையம் ஃபிளாஞ்சைவிட மெதுவான உலோகமாக இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் மலிவான வளையத்திற்குப் பதில் விலையுயர்ந்த ஃபிளாஞ்சு நசுங்கும்.

பொருத்துதல்

இப்பாடத்தை எழுதுமுன் வடநாட்டு ஆலையொன்றின் பழுதுபார்க்கும் கூடத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. முதிய ஃபிட்டர் ஒருவர் தகட்டை ஃபிளாஞ்சின் மேலேயே வைத்து, சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டிக் கேஸ்கட்டை வெட்டியெடுத்தார். கைத்திறன் வியக்கத்தக்கது, ஆனால் அச்சுத்தியல் விளிம்பையும் போல்ட்டுத் துளையையும் நைத்துவிடுகிறது. பின்னர் அவர் இருபுறமும் கிரீசைத் தடவினார். ஏன் என்று வினவியதற்கு, "அடுத்த தடவை சுலபமாகக் கழலும், ஐயா" என்றார். கிரீசு உராய்வைக் குறைத்துத் தகடு வெளியே வழுக்க வழி செய்யும். அதன் எண்ணெய் ரப்பர்ப் பிணைப்பையும் தாக்கும். கிரீசின் இடம் கேஸ்கட்டன்று, போல்ட்டின் புரியும் நட்டின் அடிமுகமும்.

புரியில் பூசுவதன் பயனைக் கணக்கிலும் காணலாம். முடுக்கும் திருப்புவிசை என்பது சுமை, போல்ட்டின் விட்டம், உராய்வைக் குறிக்கும் ஓர் எண் ஆகிய மூன்றின் பெருக்கம். அவ்வெண் 0.2 ஆயின், நமது 1,280 கிலோவைப் பெற ஏறத்தாழ 4 கிலோ-மீட்டர் திருப்புவிசை போதும். துருவேறிய புரியில் அவ்வெண் 0.3 ஆகிவிட்டால், அதே திருப்புவிசையில் கிடைப்பது 850 கிலோவே. அளவு காட்டும் ஸ்பானர் சரியாகக் காட்டும், இணைப்புக் கசியும்.

எட்டுப் போல்ட்டுகளை வட்டத்தில் 1 முதல் 8 வரை எண்ணிட்டு, 1-5-3-7-2-6-4-8 என எதிரெதிராக முடுக்க வேண்டும். முதற் சுற்றில் முழு அளவில் நூற்றுக்கு 30 பங்கு, அடுத்து 70, பின்னர் 100. இறுதியில் வரிசையாக ஒரு சுற்று. வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சுகளில் தட்டை முகமும், போல்ட்டுத் துளைகளுக்கு அப்பாலும் பரவும் முழுமுகக் கேஸ்கட்டும் இடுவர். உயர்முக எஃகு ஃபிளாஞ்சோடு சேர்த்து முடுக்கினால் வார்ப்பிரும்பு வளைந்து உடையும்.

தற்காலிக மூடிகளுக்கும் இவ்விதிகள் அனைத்தும் பொருந்தும். 1988 ஜூலை 6 அன்று ஸ்காத்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். பம்பு ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றிய இடத்தில் மூடு ஃபிளாஞ்சு ஒன்றை வைத்திருந்தனர். அது கசிவு புகாதபடி இறுக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த முறையினர் அதனை அறியாது பம்பை ஓட்டியதும் அதன் வழியே எளிதில் ஆவியாகும் திரவம் வெளிப்பட்டது என்பது கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் முடிவு. வேலை முடியாத இணைப்பில், யார், எந்நாள், எவ்வளவு முடுக்கியது என்று எழுதிய அட்டையைக் கட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

கழற்றிய கேஸ்கட்டை மீண்டும் இடலாகாது. ஒருமுறை அமுங்கியது பழைய பள்ளங்களின் வடிவையே ஏற்றிருக்கும். புதியனவற்றைச் சேமிக்கும்போது, வெயிலும், ஓசோனை உண்டாக்கும் மின்மோட்டார்களும் இல்லாத அறையில், தட்டையாகக் கிடத்தி வைக்க வேண்டும். ரப்பர் வளையங்களைச் சுவரில் ஆணியடித்து மாலைபோல் மாட்டி வைப்பது பல பண்டசாலைகளில் காணப்படுகிறது. ஆணி பட்ட இடத்தில் அவை நீண்டு, பொருத்தப்படுமுன்பே வட்டம் குலைந்திருக்கும்.